வெள்ளி மாலை

சலவைக்கூடத்தில் சூடான இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் செய்தி வந்தது. புதன்கிழமை காலை. மூன்று வருஷத்தில் முதல் செய்தி. அவளுக்குக் கை ஒழியவில்லை. கூட வேலை செய்யும் ஊசிதான் போனை எடுத்து வாசித்தாள். ஊசி என்ற பட்டப்பெயர் உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, வாயைப் பார்த்து வைத்தது.

"'வெள்ளி மாலை நிலாவுக்குப் பக்கத்தில். ஏழு மணி, என் வீட்டு மொட்டை மாடி. வர்றியா அக்கா?' ஏண்டி, உன் தம்பி கவிதை எல்லாம் எழுதுவானா?"

"கவிதை இல்லடி. அவனுக்கு வானத்துப் பைத்தியம்."

தம்பி பஸ் ஓட்டுகிறவன். சின்ன வயதில் மேலே பார்த்தபடியே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் அவனுக்கு 'அண்ணாந்தான்' என்றே பெயர். மூன்று வருஷத்துக்கு முன், அவள் வீடு மாறியபோது ஒரு பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்தது அப்பாவின் பைனாகுலர். தம்பி குதித்தான். "ஒரு கண்ணாடிக்கா இந்தக் குதி?" என்று இவள் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

"வரேன்னு போடு" என்றாள். ஊசி போட்டாள்.

சுவரில் தொங்கிய ஷிப்ட் பலகையில், வெள்ளிக்கு நேரே மாலையில் அவள் பெயர். ஊசியைக் கெஞ்சி மாற்றிக்கொண்டாள்.

"திரும்பவும் சண்டை போட்டுட்டு வந்தே, அப்புறம் என்கிட்ட மாத்திக் கேக்காதே" என்றாள் ஊசி.

வெள்ளிக்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அழைப்பு மணியை அடித்தாள். கதவைத் திறந்த தம்பி மனைவிக்கு முகமே சரியில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா அண்ணி? புதன்கிழமை ரெண்டு நாற்காலி போட்டு, நிலா மறையற வரைக்கும் மாடியிலயே நின்னாரு. வரேன்னு சொல்லிட்டு வேணும்னே ஏமாத்திட்டா, இனிமே அக்கான்னு ஒருத்தி இல்லைன்னாரு."

அவள் போனை நீட்டினாள். "வெள்ளின்னுதானே போட்டிருக்கான், பாரு!"

தம்பி மனைவி ஒரு முறை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டுத் தம்பி உள்ளேயிருந்து வந்தான்.

"வெள்ளின்னா வெள்ளிக் கிரகம்! கிழமையா இருந்தா கிழமைன்னு எழுத மாட்டேனா?"

"எங்க பலகையில செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாமே ஷிப்டுதாண்டா. 'இன்னைக்கு'ன்னு ஒரு வார்த்தை போட்டா விரல் தேஞ்சா போயிடும்?"

அவன் போனை வாங்கித் தானும் ஒரு முறை வாசித்தான்.

"வாசல்ல வேண்டாம், மேல போய்ச் சண்டை போடுங்க" என்றாள் மனைவி.

மேற்கே தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேல் வெள்ளி பளிச்சென்று இருந்தது. பிறை அதை விட்டு நன்றாக மேலே ஏறியிருந்தது. தம்பி கையை நீட்டி, விரல்களை விரித்து இடைவெளியை அளந்தான்.

"ஒரு சாணுக்கு மேல தள்ளிப் போயிடுச்சு. அன்னைக்கு ரெண்டு விரல்தான் இருந்துச்சு."

அவள் அவன் விரல்களுக்கு நடுவே பார்த்தாள். பிறகு, "அந்தப் பெட்டியை நான் திறந்து பாத்திருக்கணும்டா" என்றாள்.

அவன் நீட்டிய கையை இறக்கினான்.

"இதுக்கு அது வேணாம்க்கா. வெறும் கண்ணே போதும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது நாற்காலியை எடுத்துவரக் கீழே இறங்கினான்.

அடுத்த மாதமும் விரிப்பு மடிக்கிற நேரத்தில்தான் செய்தி வந்தது. ஊசி வாசித்தாள்.

"'வெள்ளிக் கிரகம் மறுபடியும் நிலாவுக்குப் பக்கத்தில். சனி மாலை ஏழு மணி. இந்தச் சனி கிழமை, கிரகம் இல்லை.'"

வாசித்து முடித்ததும் பலகையைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "சனிக்கும் நான்தானா?"