ஒன்றும் வளராவிட்டால்

"எச்சி வோணாம்மா, நெஞ்சுலேர்ந்து வரணும்" என்று டப்பாவை நீட்டினாள் லேபில் இருந்த மெர்சி. இசக்கிசெல்விக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து துப்பித் துப்பிப் பழகியவள். பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி, கட்டிச் சளியை இறக்கி, மூடியைத் திருகிக் கொடுத்தாள். அதைத் தட்டில் தடவி வைத்து, என்ன கிருமி வளர்கிறது என்று பார்ப்பார்கள். முருகா, இந்தத் தடவை ஒன்றும் வளரக் கூடாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று வாயில் நுழையாத பெயர். பிறவியிலேயே நுரையீரலில் சளி பசையாகக் கட்டிக்கொள்ளும். கிருமிகள் வாடகையில்லாமல் குடியேறும். கூட இருப்பவர்களுக்கு ஒட்டாது என்று எத்தனை முறை சொன்னாலும், ஒரகடம் கம்பெனி ஹாஸ்டலில் டீபி என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவள் கட்டில் ஜன்னலோரம் போனது. தட்டு தனியாகப் போனது. ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரு வார்த்தை பேச நாதியில்லை.

கார்முகில் மட்டும் பேசினான். இருங்காட்டுக்கோட்டைக்காரன், அவனுக்கும் இதே நோய். ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் அறிமுகம். போனில் ஒருவர் இருமினால் மற்றவர் சும்மா காத்திருப்பார். தண்ணீர் குடி என்று சொல்லாத ஒரே ஆள் அவன்தான். ஆனால் நேரில் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு ஒட்டாத கிருமி இந்த நோய்க்காரர்களுக்குள் மட்டும் ஒட்டும், பக்கத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். இருவரும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பேருக்கும் டெஸ்டில் ஒன்றும் வளராவிட்டால் வல்லக்கோட்டை கோயிலில் சந்திப்பது. டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியாதா?

அவனுக்கு ஒன்றும் வளரவில்லை. அவளுக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்திருந்தது.

கம்பெனி லைனில் திருகு போட்டபடி நாள் முழுக்க யோசித்தாள். எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரலாம். நினைக்கவே இனித்தது. அப்படி இனித்தது அவளுக்கே பயமாக இருந்தது.

"எனக்கு வந்துட்டு. நீங்க வராதீங்க, என்ன?" என்றாள் ராத்திரி போனில்.

"இன்னா இப்போ? மாஸ்க் போட்டுக்கினு தூரமா நின்னு பாத்துட்டுப் போறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் குளத்தின் இந்தக் கரையில் அவள், எதிர்க்கரையில் அவன். நினைத்ததைவிடக் குள்ளம். கையை ஆட்டினான்.

"சட்ட நல்லாருக்கு" என்றாள் போனில்.

"புச்சு."

அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கரையோரமாக அவளிடம் வர நடக்க ஆரம்பித்தான்.

"அங்கனயே நில்லுங்க!" என்று கத்தினாள். அவன் நிற்கவில்லை. அவளுக்கோ ஓடிப்போக மனமில்லை. அவளும் நடந்தாள், அவன் சுற்றி வரும் திசையிலேயே, அவன் வேகத்திலேயே. அவன் ஒரு மூலை திரும்பினான். அவளும் ஒரு மூலை திரும்பினாள். படியில் கால் நனைத்துக்கொண்டிருந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் சிரிப்பது மாஸ்க்கை மீறித் தெரிந்தது. குளத்தின் அகலம் அவர்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது.