வீட்டை விட்டு இரண்டு தடவை

என் தம்பி சினிமா எடுக்கிறவன் என்று சொன்னால், எந்த நடிகரை வைத்து என்று கேட்பார்கள். யாரையும் வைத்து இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு மூலையிலாவது உட்கார்ந்து, ஏதாவது நடக்கும்வரை காத்திருப்பான். அப்படி மூன்று படம் எடுத்தாகிவிட்டது. பார்த்தவர்களில் பாதிப்பேர் அவனிடம் படிக்கிற பிள்ளைகள். வராவிட்டால் வருகைப் பதிவு போய்விடுமே.

கல்லூரியில் அவன் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். நடப்பதை எடு, நடத்தி வைக்காதே. குறுக்கே வாய் திறக்காதே. யாரையும் திரும்பச் செய்யச் சொல்லாதே. ஒரு மாணவி தன் அப்பாவை இரண்டு தடவை கதவு திறக்க வைத்தாள் என்று அந்தப் படத்தையே தூக்கிப் போட்டவன் இவன்.

நாலாவது படம் நான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள், வீட்டுக்கு வந்தால் சுவரோடு பேசுகிறவள். என் வீட்டுக்காரர் கை நீட்டுகிறவர் இல்லை. வாய் திறக்கிறவரும் இல்லை. பதினோரு வருஷமாக நான் கேட்டதற்கெல்லாம் டிவிதான் பதில் சொல்லியிருக்கிறது. நேற்று காய்ச்சலடிக்கிறது என்றேன். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

காலையில் தம்பிக்குப் போன் போட்டு, "இன்னைக்குக் கிளம்புறேன்டா," என்றேன். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து கீழே வாசலில் நின்றான். பையோடு கூடத்தைத் தாண்டினேன். அவர் தலை நிமிரவில்லை. ஒரு வழியாகப் படியிறங்கி வந்து பார்த்தால் தம்பி முகம் செத்துக் கிடக்கிறது.

"அக்கா, பேட்டரி போயிடுச்சு. பசங்க தீத்து வச்சதப் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

"அதுக்கு?"

"இப்ப வேற போட்டுட்டேன். ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வரியா?"

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

ஓங்கி அறையலாம் போலிருந்தது. வீட்டை விட்டு வருகிறவளை மறுபடி வரச் சொல்கிறான், அதுவும் இவன். ஆனால் அந்த வீட்டில் என்னை உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் அவன்தான். போனேன்.

உள்ளே அவர் டிவியை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா," என்றார். "உட்காரு. டீ போடறேன்."

இத்தனை வருஷத்தில் முதல் டீ. கை தானாகப் பையைக் கீழே வைத்தது. உட்கார்ந்துவிட்டேன். சமையலறையில் பாத்திரம் உருண்டது. சர்க்கரை எங்கே என்று கேட்டார், சொன்னேன். எழுந்திருடி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கால் அசையவில்லை. பயமாக இருந்தது. அவரைக் கண்டு இல்லை, அந்த டீயைக் கண்டு.

தம்பி கூப்பிட மாட்டான். பொழுது சாயும்வரை கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் பிழைப்பே அதுதான்.

பால் பொங்கி வழிகிற வாசம் வந்தது. அப்போது கீழேயிருந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவன் குரல்.

"அக்கா, படம் நாசமாப் போகட்டும். நீ வெளிய வா."

பையை எடுத்தேன். பாதிப் படி ஏறி வந்திருந்தான். கேமரா கழுத்தில் தரையைப் பார்த்துத் தொங்கியது. பையை வாங்கிக்கொண்டான். தெருமுனை திரும்பினோம்.

"எடுத்தியா?"

"இல்லக்கா."

"இன்னொரு தடவை கேட்டே, கொன்னுடுவேன்," என்றேன், அவன் கையை விடாமல்.