பின்சீட்டு முதலாளி

எங்கள் கார் ஒவ்வொரு முறை ரிப்பேருக்குப் போய்த் திரும்பும்போதும் ஒரு சாண் நீண்டு வரும். பழைய பெரிய கார்களுக்கு அப்படித்தான் ஆகும். புதுக் கார்களுக்கு ஆகாது. அதுகளுக்கு அவ்வளவு மனசு கிடையாது.

ஒரு காலத்தில் பீளமேட்டில் ஒரு மில் முதலாளி வைத்திருந்த வண்டி அது. கரும்பச்சை நிறம். உள்ளே மரப்பலகை பதித்த டேஷ்போர்டு, வெண்ணெய் நிறத்தில் தோல் சீட்டு. மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "பின்னாடி ஓனர் உக்காந்தாத்தான் வண்டி நகருமுங்க. டிரைவர் மட்டும் ஏறினா ஒரு அடி எடுத்து வெக்காது."

முதலாளியைச் சுமந்தே பழகிய வண்டி. அதைக் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்கோ டிரைவர் வைக்க வசதியில்லை. அதனால் என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து ஓனராக இருப்பேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் அவரைப் பார்த்து, "டிரைவர், கொஞ்சம் முன்னாடி எடுங்க" என்பார்கள். அவரும் எடுப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார ஆசையாக இருந்து, முன்னால் ஏறிப் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். உடனே கிளம்பியது.

"பாத்தியா அம்மிணி, உன்னைய எங்க வெக்கோணும்னு அதுக்குத் தெரியுது" என்றார்.

கொழுப்பு. ஆனால் அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

வண்டி நீளுவது என் முழங்காலில்தான் தொடங்கியது. இடது கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வைத்தியம் பார்த்தும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நான் சீட்டில் கோணலாக உட்கார்ந்து வருவதை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் சம்சுவிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். வேலை முடிந்து நான் மறுபடி ஏறியபோது பின்சீட்டுக்கு முன்னால் ஒரு சாண் இடம் கூடியிருந்தது.

"காலை நீட்டிக்கோ" என்றார்.

நீட்டினேன். பொய் சொல்லக் கூடாது, சொர்க்கமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் வண்டி நீளக் கற்றுக்கொண்டுவிட்டது. ஏ.சி. போயிற்று, மாற்றினார். ஒரு சாண். கியர்பாக்ஸ் உறுமியது, மாற்றினார். ஒரு சாண். ஜன்னல் கண்ணாடி மோட்டார், ரேடியோ, ஷாக் அப்சார்பர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், வண்டிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரியும். டேஷ்போர்டு மரத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவித் தேய்ப்பார். என் தலைக்கு என்று வாங்கி வைத்த எண்ணெய். நான் கத்தினால், "உனக்கும் அதுக்கும் ஒரே எண்ணெய்தான் ஒத்துக்குது" என்பார். இந்த மாதிரி மனுஷனிடம் என்ன பேசுவது!

சாண் முழமாயிற்று. முழம் பர்லாங் ஆயிற்று. முதலில் வசதியாகத்தான் இருந்தது. பின்னால் ஒரு கட்டில் போட்டேன். கிரைண்டர் வைத்தேன். சூலூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் சிங்காநல்லூர் வருவதற்குள் மாவு ஆட்டி வழித்துவிடுவேன். டிக்கி மேல் வடகம் காயும். டவுன்ஹாலில் அவருடைய பம்ப் செட் கடை அருகே மழை பிடித்துவிட்டால், "குடை எடுத்துக்கோ அம்மிணி, இங்க கொட்டுது" என்று போன் பண்ணுவார். எனக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் வடகத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். அவர் சொன்ன மழை எப்படியும் மத்தியானத்துக்குள் என் பக்கம் வந்து சேரும்.

திருச்சி ரோட்டைக் கடக்கிறவர்களுக்கும் தொந்தரவில்லை. ஒரு பக்கக் கதவில் ஏறி மறுபக்கக் கதவில் இறங்குவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பழக்கப்பட்டவர்கள் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மரியாதையான ஜனம்.

ஆனால் நீளம் கூடக் கூடப் பின்பக்கம் மந்தமாகிவிட்டது. முன்பக்கம் போய் நின்ற பிறகும் பின்பக்கம் சாவகாசமாக வந்துகொண்டிருக்கும். சாயங்காலம் அவர் சூலூரில் வீட்டு வாசலில் இறங்கும்போது நான் உக்கடத்தில் சம்சு பட்டறைக்கு எதிரே இருப்பேன். நான் வீடு போய்ச் சேரும்போது விடிந்திருக்கும். அவர் குளித்து, சாப்பிட்டு, முன்பக்கத்தோடு கிளம்பிப் போயிருப்பார். பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கும். அதற்குள் நான் இறங்கிக் குளித்து, சோறாக்கி மூடி வைத்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வேன். மில்லில் ஆளுக்கொரு ஷிப்ட் பார்க்கிற புருஷன் பெண்டாட்டியைப் போல ஆகிவிட்டோம்.

வீட்டில் அவருடைய துண்டு கொடியில் ஈரமாக இருக்கும். தொட்டுப் பார்ப்பேன். எனக்குக் காபி போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்திருப்பார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருப்பார். எனக்கு அவ்வளவு சர்க்கரை ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். அதைக் குடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது ஒருநாள் அழுகை வந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. போனில் பேசலாம்தான். போனில் அவர் "ம்" கொட்டுவார். "ம்" கொட்டுகிற மனுஷனை நேரில் பார்த்தால்தான் என்ன சொல்கிறார் என்று தெரியும்.

வண்டியை நிறுத்திவிடலாமே என்று நினைக்கலாம். பழைய வண்டியை ஒரு நாள் ஓட்டாமல் நிறுத்தினாலும் செத்துப்போகும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வண்டி போனால் அவர் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் உக்கடத்தில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சம்சு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"சம்சு, வண்டியக் குறைக்க முடியுமா?"

"முடியுங்க்கா. மாட்டினதையெல்லாம் கழட்டோணும். பழைய பாகத்தைப் பழுதோட திருப்பி மாட்டினா, எவ்வளவு நீண்டுச்சோ அவ்வளவும் உள்ள போயிரும்."

"அப்ப ஏ.சி.?"

"வராது."

"கியர்பாக்ஸ்?"

"உறுமும். பழையபடி."

ஐயோ என்றிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த மனுஷன் பட்டறையில் காத்துக் கிடந்தவர். முழங்கை சிராய்க்க அடியில் படுத்துக் கிடந்தவர். என் வாயால் எப்படிக் கேட்பேன்? "காலைல முன்பக்கம் இந்த வழியா வரும்போது நீயே அண்ணன்கிட்டக் கேளு. நான் அவரைப் பாக்கோணும்னு சொல்லு" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் என் பக்கம் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது சம்சு வாசலிலேயே நின்றான்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"கேட்டதுமே வண்டியத் திருப்பி வீட்டுக்குப் போயிட்டாரு. பரண்ல இருந்து பழைய சாமானெல்லாம் எறக்கி, முன்சீட்டு நெறைய வெச்சு எடுத்துட்டு வந்துட்டாரு. கடைகூடத் தொறக்கலீங்க."

ஒவ்வொரு பாகத்தையும் என் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கே தெரியாது. அந்தச் சேலைகளைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கியது. ஷாக் அப்சார்பர் பழையதானது. குழியில் இறங்கினால் முதுகெலும்பு கணக்குச் சொல்லும். ரேடியோ பழையதானது. பாதிப் பாட்டில் நின்றுபோகும், மீதியை நானே பாடிக்கொள்ள வேண்டும். கட்டிலை எடுத்தார்கள். கிரைண்டரை எடுத்தார்கள். ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு வழி குறுகியது. அவர்கள் வருத்தப்பட்டுவிட்டு சிக்னலுக்குப் போனார்கள்.

ஒருநாள் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மறுநாள் அந்தப் புள்ளிக்குக் காது முளைத்தது. அப்புறம் பின்மண்டை. முடி இவ்வளவு நரைத்துவிட்டதா? யாரைக் கேட்டு நரைத்தது? அப்புறம் அவர் இருமியது கேட்டது. கேட்டதும் நான் பாட்டுக்கு, "சுக்குத்தண்ணி வெச்சுக் குடிச்சா என்னங்க?" என்று கத்திவிட்டேன்.

புள்ளி திரும்பிப் பார்த்தது. "யாரு வெச்சுக் குடுக்கறது?" என்றது.

அவ்வளவு நாளைக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். இளைத்திருந்தார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு சாண் மிஞ்சியது. என் காலுக்காக முதன்முதலில் கூட்டிய சாண். அதைக் கழற்ற சம்சு ஸ்பேனரை எடுத்தபோது, வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்த அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அதை மட்டும் தொடாதே சம்சு."

"ஏனுங்க?" என்றேன் நான்.

"உனக்குக் கால் மடங்காது."

பின்சீட்டிலிருந்து கையை நீட்டினேன். அவர் சீட்டு எட்டவில்லை. நான்கு விரல் குறைந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலை நீட்டிட்டு உக்கார்றதுக்கா உங்களக் கட்டிட்டு வந்தேன்? எனக்கு இடம் வேணும்னு உங்ககிட்டக் கேட்டனா?"

"கேக்கலே."

"அப்புறம்?"

"தூக்கத்துல முனகுவே" என்றார். "கேட்டுட்டே படுத்திருப்பேன். என்னால வேற என்ன பண்ண முடியும்? வண்டியத்தான் நீட்ட முடிஞ்சது."

சம்சு ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்குக் கால் வலிச்சாப் பரவால்லீங்க. உங்களத் தொடற தூரத்துல இருக்கோணும்" என்றேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கையை எடுத்துவிட்டார்.

சம்சு கழற்றினான். வண்டி மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, மில் முதலாளி வாங்கியபோது இருந்த அளவில் வந்து நின்றது. நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை நாளில் முழங்கால் இன்னும் விறைத்துப்போயிருந்தது. கால் உள்ளே வரவில்லை. கதவைச் சாத்த முடியவில்லை. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, சாய்ந்து, படுத்துப் பார்த்தாயிற்று. கால் வெளியில்தான் நின்றது.

இறங்கினேன். சுற்றி வந்து முன்கதவைத் திறந்து அவருடைய சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே கால் தாராளமாக நீண்டது. அவரும் வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மிணி, பின்னாடி ஓனர் இல்லாம வண்டி நகராது."

"தெரியுமுங்க."

"இன்னைக்கு ஓடலீன்னா செத்துப்போயிரும்."

"அதுவும் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் எறங்கிக்கறேன். காலை வெளிய தொங்கப் போட்டுட்டாவது பின்னாடி வர்றேன்."

அவர் டேஷ்போர்டு மரத்தை உள்ளங்கையால் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு அந்தக் கையை எடுத்து என் முழங்கால் மேல் வைத்தார்.

"எறங்காதே" என்றார். "போனாப் போவுது."

அவர் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டேன். என் கண்ணை அவர் துடைக்கவில்லை. கர்ச்சீப்பில் கிரீஸ் இருக்கிறதாம்.

"சும்மா ஒருக்காத் திருப்பிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பாருங்க."

சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக் கிளம்பியது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மேலே கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு நானும் பார்க்கிற மாதிரி என் பக்கம் திருப்பிவிட்டார். கண்ணாடிக்குள், பின்சீட்டில், நாங்களே இரண்டு பேரும் ஓனராக உட்கார்ந்திருந்தோம். அவர் அந்தக் கதவோரம் சாய்ந்திருந்தார். நான் இந்தக் கதவோரம் சாய்ந்து, இடது காலை அவர் மடியில் நீட்டியிருந்தேன். அவர் கை என் பாதத்தின் மேல் கிடந்தது. இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம்.

சம்சு வந்து பின்கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.

"சிங்காநல்லூர் ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவாப் போங்க" என்றேன். "பழைய ஷாக் அப்சார்பர். அவங்க முழிச்சுக்கப் போறாங்க."

"ம்" என்றார். சூலூர் வரைக்கும் அவர் ஹாரனே அடிக்கவில்லை.