ஒரு முழம் வெள்ளை

என் தொழில் வீடு கழுவுவது. உள்ளே இல்லை, வெளிச்சுவர். மழைக்காலம் முடிந்ததும் வெயில் படாத பக்கம் முதலில் லேசாகப் பச்சை தட்டும், அப்புறம் கறுத்துப்போகும். அந்தப் பாசிக்கும் பூஞ்சைக்கும் மருந்தடித்து, ஊறவிட்டு, மேலிருந்து கீழாகக் கழுவிக் கொடுப்பேன். தொழிலில் இருப்பவர்கள் என்னைப் பாசிக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கென்ன வாய் இல்லையா, பதிலுக்கு ஆளுக்கொரு பெயர் நானும் வைத்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு வித்தை இருந்தது. வீட்டுக்காரர்கள் லேசில் வழிக்கு வரமாட்டார்கள். "பாக்கலாம்", "அடுத்த மாசம் வாங்க", "அவரு வரட்டும்" என்று இழுப்பார்கள். நான் வாதாடவே மாட்டேன். "சும்மா ஒரு சாம்பிள் காட்டுறேங்க, காசு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வாசற்கதவுக்குப் பக்கத்தில், சரியாகக் கண் மட்டத்தில், ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாகத் தேய்த்துவிடுவேன். அதற்கென்றே காரமாக ஒரு கலவை சின்ன பாட்டிலில் வைத்திருப்பேன். இரண்டே நிமிடம், பளிச்சென்று வெள்ளை வந்துவிடும். அதுவரை அந்த வீட்டுக்காரர்களுக்குச் சுவர் அழுக்கு என்றே தெரிந்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய நிறம், கண்ணுக்குப் பழகியிருக்கும். சதுரம் விழுந்த பிறகு தப்ப முடியாது. பால் போடுகிறவன்கூட, "மிச்சத்த எப்ப கழுவப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவான். பத்தே நாளில் எனக்குப் போன் வரும்.

"நான் பேசவே வேணாம், என் சதுரம் பேசும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன்.

"கேக்காம அடுத்தவங்க சுவத்துல கை வெக்கறது தப்பில்லையா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நான் என்ன கிறுக்கியா வெச்சேன்? சுத்தம்தானே பண்ணேன்" என்று அவள் வாயை அடைத்தேன். அடைக்காமல் இருந்திருக்கலாம்.

டிரைவர் வீடு தெருமுனையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, டிரைவர் வீடு என்றால் கை காட்டுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நீளப் பலகைகள் அடித்த வீடு. முன்பக்கச் சுவரோடு கேட் வரைக்கும் இடுப்பு உயரத்தில் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. வடக்குப் பார்த்த சுவர் என்பதால் பாசி அப்பிக் கிடந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

கேட்டில் நின்ற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். "வேணாம் தம்பி" என்றார். சாம்பிள் மட்டும் என்றேன். "இல்ல, இப்ப வேணாம்" என்றார். காசு வேண்டாம் என்றேன். "காசுக்கு இல்ல தம்பி, வேணாம்னா விட்டுடுங்களேன்" என்றார். மூன்று தடவை சொன்னார். நான் கணக்குப் பிசகாமல் சொல்கிறேன், மூன்று தடவை.

"சரிம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் கெடைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே போனதும் பாட்டிலை எடுத்தேன். சுவரோரம் நாற்காலியில் ஒருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அடித்தேன், தேய்த்தேன், துணியால் துடைத்தேன். அந்த அம்மா சொம்போடு வந்து சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இது?"

"சாம்பிள்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கொண்டுவந்த தண்ணீரை மடமடவென்று குடித்தேன். திரும்பினால் நாற்காலிக்காரர் கண் திறந்திருக்கிறது. சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிங்கய்யா, பளபளன்னு இருக்குல்ல?" என்றேன். பதில் இல்லை. செவிடு போல என்று நினைத்துக்கொண்டு, என் கார்டைக் கேட்டில் செருகிவிட்டு வந்துவிட்டேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். "டிரைவர் வீட்டம்மாவாம். உங்கள உடனே வரச் சொல்றாங்க."

"பாத்தியா? பேசிடுச்சு பாத்தியா?" என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். மோட்டார், குழாய், ஏணி, மருந்து டிரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போய் இறங்கினேன்.

"மோட்டார இறக்காதீங்க" என்றார் அந்த அம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை.

என் சதுரத்தின்மேல் ஒரு தலையணை உறையை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

"இத பழைய மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார்.

"பழைய மாதிரின்னா?"

"பச்சையா. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி."

"பாசி கடையில விக்கறதில்லையேம்மா" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று வண்டிப் பக்கம் அழைத்துப்போய், தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்தப் பலகை ஒவ்வொன்றும் அவர் கணவர் தன் கையால் அடித்தது. வருடா வருடம் மழை நின்ற மறுவாரம் அவரே ஏணி போட்டுக் கழுவுவார். போன மழைக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. நடக்க நடக்கத்தான் கால் வரும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அந்தக் கம்பி. தினம் நாலு தடவை அதைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்புவாராம்.

"சுவரு பச்சையானது அவருக்குத் தெரியவே இல்ல தம்பி. தெனம் பாக்கறதுதானே. நீங்க ஒரு எடத்துல வெள்ளையாக்கிக் காட்டிட்டீங்க. அன்னிக்கு உள்ள போய்ப் படுத்தவருதான். பதினோரு நாளா வெளிய வரல. ஒரு அடி நடக்கல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காரு."

"நான் முழுசா கழுவிக் குடுத்துடறேம்மா, சும்மாவே" என்றேன்.

"அவரு செய்யற வேலைய இன்னொருத்தன் செய்யறத அவரு பாத்துட்டு ஒக்காரணுமா?" என்றார் பட்டென்று. பிறகு குரல் இறங்கியது. "அதுகூடப் பரவாயில்ல. நான்தான் உங்களக் கூப்பிட்டேன்னு நெனைக்கறாரு. எனக்கு இந்த வீட்டப் பாத்து வெக்கமாப் போச்சுன்னு, அவரு ஒண்ணுக்கும் ஒதவாம போயிட்டாருன்னு நான் ஆள் வரவெச்சேன்னு. வேணாம்னு சொன்னேங்கன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். வேணாம்னு சொன்னா எவன் தேய்ப்பான்னு கேக்கறாரு. நம்பல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. இல்லன்னா பழைய மாதிரியாவது ஆக்குங்க."

இரண்டு வழி காட்டினார். எது லேசோ அதைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய், படுத்த படுக்கையாக இருக்கிற மனிதர் முன்னால் நின்று, தண்ணீர் கேட்டு உங்கள் மனைவியை அனுப்பிவிட்டுத் திருட்டுத்தனமாகத் தேய்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? "சொல்றதெல்லாம் எதுக்கும்மா, அவருக்குக் கோவம்தான் வரும். பச்சையாவே ஆக்கிடலாம்" என்றேன். எவ்வளவு பெரிய கோழை பாருங்கள் நான்.

பின்பக்கச் சுவரில் பாசி வழுவழுவென்று திரண்டிருந்தது. பிளாஸ்டிக் தகட்டால் அதைச் சுரண்டி ஒரு டப்பாவில் சேர்த்து, சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். தலையணை உறையைப் பிரித்து, உள்ளங்கையால் சதுரத்தில் பூசினேன். வெள்ளைப் பலகையில் அது ஒட்டவில்லை, சாணி மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. அந்த அம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து விரலால் ஓரங்களை இழுத்துவிட்டார். பதினெட்டு வருடமாக ஊர்ப் பாசியை எல்லாம் கழுவியவன், பட்டப்பகலில் ஒரு வீட்டுச் சுவரில் பாசி பூசிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

கதவுப் பக்கம் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுரண்டுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என் கையைப் பார்த்தார், மனைவியின் பச்சை விரல்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மனைவியிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து நல்ல கையை நெஞ்சில் வைத்து இன்னும் ஏதோ சொன்னார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னம்மா சொல்றாரு?"

"வெக்கமா இருக்குன்னு என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே, எதுக்கு ஒளிச்சு ஒளிச்சுப் பண்றேன்னு கேக்கறாரு." கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் பாசி ஆனது. "உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறாரு. இவ்வளவு அழுக்கான வீட்டுக்கு உங்கள வரவெச்சுட்டோமாம்."

என்னிடம் மன்னிப்பு. என்னிடம்! பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"ஐயா" என்றேன். பாசி டப்பாவைக் கீழே வைத்தேன். மறுபடியும் சொன்னேன். "ஐயா, அவங்க என்னைக் கூப்பிடல. நானா வந்தேன். வேணாம்னு மூணு தடவ சொன்னாங்க. இனாம்னு சொன்னப்பவும் வேணாம்னாங்க. தண்ணி வேணும்னு பொய் சொல்லி அவங்கள உள்ள அனுப்பிட்டு, அவங்க வர்றதுக்குள்ள தேச்சேன். எல்லா வீட்டுலயும் இப்படித்தாங்க பண்றேன். வீட்டுக்காரங்களுக்கு வெக்கமாயிட்டா கூப்பிடுவாங்கன்னு. அதுதாங்க என் பொழப்பு. நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் கொதித்தன. எதிர்வீட்டு மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். அந்த அம்மா ஆமென்று தலையை ஆட்டினார். அவர் என் பக்கம் திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

"தி...ருடன்" என்றார். இந்த வார்த்தையை எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை, தெளிவாகப் புரிந்தது.

நிலையை விட்டுக் கம்பியைப் பிடித்தார். இடது காலை வைத்து வலது காலை இழுத்தார். அந்த அம்மா பதறிக்கொண்டு போக, முழங்கையால் தள்ளினார். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தடவை திருடன், திருடன் என்றுகொண்டே என்னை நோக்கி வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன், கேட் வரைக்கும். ஓடிப்போய் வண்டியில் ஏறியிருக்கலாம். அவர் நின்றுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அதனால் அவர் ஓர் எட்டு வைத்தால் நானும் ஓர் எட்டு வைத்தேன். நெற்றியில் வேர்வை ஊற்றியது அவருக்கு. எனக்கும்தான்.

கம்பி முடிந்துவிட்டது. அவருக்கும் எனக்கும் நடுவே இரண்டு கை தூரம் இருந்தது, பிடிக்க எதுவும் இல்லை. மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். கண் மட்டும் என்னை விடவில்லை.

நான் முன்னால் போய் அவர் கைக்கு எட்டும் இடத்தில் நின்றேன்.

கம்பியை விட்டுவிட்டு என் காலரைப் பிடித்தார். உடம்பின் கனம் முழுக்க அந்தக் காலரில் தொங்கியது. கழுத்து இறுகியது. விழாமல் இருக்கட்டும் என்று காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீ திருடன்" என்றார், என் முகத்துக்கு நேராக.

"ஆமாங்கய்யா" என்றேன்.