விரியாத கை

அண்ணனின் வலது கையைப் பற்றி டாக்டர் ஸுல்கிஃப்லி சொன்னது சாந்தினிக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும்தான் வேறு மாதிரி பேசினாள்.

அண்ணன் குகனுக்குப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலை. ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்தபோது, வால்வை மூட ஓடியவனின் உள்ளங்கை வெந்துபோனது. காயம் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய தோல் தடித்துச் சுருங்கி, விரல்களை உள்ளே இழுக்கத் தொடங்கியது. தழும்பை வெட்டித் திறந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கவேண்டும், தள்ளிப்போட்டால் விரல் மூட்டுகள் இறுகிவிடும் என்றார் டாக்டர்.

அன்று மாலை குகன் தங்கையிடம் கையை நீட்டினான்.

"தொடையில வேற ஒரு புண்ணாமே சாந்தி. நீ செய்றது வந்தா இதெல்லாம் வேணாமில்ல?"

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாந்தினி செய்துகொண்டிருந்தது ஒரு மெல்லிய பாலிமர் வலை. கட்டடம் எழும்பும்வரை சாரம் நிற்பதுபோல, காயத்தின் மேல் புதுத் தோல் வளரும்வரை அது தாங்கி நிற்கும். வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். கண்ணாடித் தட்டில் அது அழகாக வேலை செய்தது. முயல்களின் மேல் சோதனை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"வேணாம்ணே," என்றாள் சாந்தினி. "கொஞ்சம் பொறுங்க. சீக்கிரம் மனுஷங்களுக்கே போட பெர்மிஷன் கிடைச்சிரும்."

"டாக்டர் லேட் பண்ணாதீங்கன்னு சொன்னாருலா," என்றாள் அண்ணி குணவதி.

"அந்த டாக்டருக்குத் தெரிஞ்சதைவிட இவளுக்கு அதிகமாத் தெரியும்லா," என்று சிரித்தான் குகன். காப்பிக் கடையிலும் தொழிற்சாலையிலும் அதையே சொல்லித் திரிந்தான். கேள்விப்பட்டபோது சாந்தினிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் வலையால் விரிந்த முதல் கை அண்ணனுடையதாக இருக்கவேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை. அந்த ஆசைதான் அவள் வாயால் பேசியது.

சில மாதங்களில் உதவி ஆய்வாளர் ஐமான் அவளை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தான். வலை தட்டில் கரைந்ததைவிட உடம்பில் வெகு வேகமாகக் கரைந்திருந்தது. தாங்க ஆளில்லாமல் புதுத் தோல் சரிந்து, முயலின் முதுகில் பழையபடி தழும்பே கட்டியிருந்தது. பாலிமர் கலவையை மாற்றி முதலிலிருந்து செய்யவேண்டும். இன்னும் எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். குகன் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன சாந்தி, நல்ல சேதியா?"

அறுவைச் சிகிச்சைக்குப் போங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் வேறு வார்த்தை வந்தது.

"இன்னும் கொஞ்சம் லேட் ஆகும்ணே. அதான் சொல்லலாம்னு..."

"ஆகட்டும், ஆகட்டும். அவசரப்பட்டுக் கெடுத்துராத."

தைப்பூசத்தன்று மூவரும் தண்ணீர்மலை ஏறினார்கள். சன்னிதியில் எல்லோரும் கைகூப்பியபோது குகனின் இடது உள்ளங்கை மட்டும் விரிந்து நின்றது. வலது கை மூடிய முட்டியாக அதன் மேல் சாய்ந்திருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினான். குணவதி கண்ணை மூடவில்லை. படியிறங்கும்போது, கணவனை முன்னால் போகவிட்டு, சாந்தினியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. உன்னோடது எப்ப வரும்?"

"தெரியல அண்ணி."

"தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அன்னிக்கே போயிருப்போம்லா."

குணவதி கூட்டத்துக்குள் இறங்கிப் போனாள். அடுத்த வாரமே கணவனை டாக்டர் ஸுல்கிஃப்லியிடம் கூட்டிப்போனாள். தொடைத் தோலை வைத்துத்தான் செய்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்தன. மற்ற மூன்றும் மூட்டோடு இறுகிப்போயிருந்தன. முன்பே வந்திருந்தால் ஐந்தையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சாந்தினி ஆஸ்பத்திரி நடையில் நின்று கேட்டாள். மெஷின் வேலை போய், குகனைத் தொழிற்சாலை வாசலில் வந்துபோகும் வண்டிகளைக் குறித்துவைக்கிற வேலைக்கு மாற்றினார்கள்.

அவள் ஆய்வை விடவில்லை. விட்டால் அண்ணனின் விரல்கள் ஒன்றுக்குமில்லாமல் போனதாக ஆகிவிடும் என்று பயந்தாள். சில வருஷங்களில் கலவை மாறியது, வலை நின்றது, அனுமதியும் வந்தது. முதலில் சுலைமான் என்ற மீனவருக்கு வைத்தார்கள். எரிந்த படகு எஞ்சினில் கை வெந்தவர். கட்டைப் பிரித்த நாளில் அவர் கையை விரித்து விரித்து மூடியபோது ஐமான் கைதட்டினான். சாந்தினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேறு யார் வழியாகவும் தெரியக்கூடாதென்று அன்றே பாலம் தாண்டிப் பிறைக்குப் போனாள். குகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அஞ்சு விரலும் விரிஞ்சுதா?"

"விரிஞ்சுதுண்ணே."

"அடேயப்பா! கேட்டியா குணா, அஞ்சுமாம்!" அவன் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை திட்டுங்கண்ணே."

"எதுக்கு? நீயும் நம்பித்தானே பொறுக்கச் சொன்னே?"

நுண்ணோக்கியில் பார்த்த அந்தச் சரிந்த தோல் நினைவுக்கு வந்தது. பாசார் இரைச்சலும் வந்தது. குணவதி அடுப்படி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே," என்றாள் சாந்தினி. குணவதி உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தினி பிறைக்குப் போகிறாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தழும்பில் களிம்பு தடவி, மடங்கிய மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக நீவி விடுகிறாள். குணவதி டீயை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். குகன் மட்டும் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான்.

"இன்னிக்குக் கொஞ்சம் விரியுற மாதிரி இருக்கு சாந்தி," என்பான்.

விரியவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.