இரண்டு வகுப்பு தாண்டி வந்த தங்கை

தங்கை தன் வகுப்புக்கே வந்து உட்காரப்போகிறாள் என்பது பெரியவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்னமே தகவல் போயிருந்தது. பள்ளியில் மணி அடிப்பவருக்குக்கூடக் காற்றுவாக்கில் எட்டியிருந்தது. அவள்மேல்தான் தப்பு என்றும் சொல்லலாம். யார் எதைச் சொன்னாலும் கண் திறந்திருக்கும், தலை ஆடும், ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டாள். "கூப்பிட்டுட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்து பாக்கணும், அப்பதான் இருப்பா" என்று அம்மா சொல்வாள்.

விஷயம் இப்படித் தொடங்கியது. அந்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. மடித்த காகிதங்கள், சுழலும் வடிவங்கள், நடுவில் காணாமல்போன எண்கள். படித்துவிட்டு வரவேண்டியது எதுவும் இல்லாததால் சின்னவள் அதைத் தேர்வு என்றே நினைக்கவில்லை. விளையாட்டுப்போல முடித்துவிட்டு எழுந்து நின்றாள். "டீச்சர், இதுக்கு ரெண்டு பதில் சரியா வருது. எதைப் போடட்டும்?" என்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்து இரண்டையும் எழுதி வைத்தாள். பிறகு திருத்தியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தால், இரண்டுமே சரி.

பள்ளியில் ஆலோசகர் அம்மா ஒருவர் இருந்தார். பிள்ளைகளின் மனக்கஷ்டம், மேற்படிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. திறமை மிகுந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு வேண்டியதைச் செய்வதும் அவர் வேலைதான். சில மதியங்கள் சின்னவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு பத்தாம் வகுப்புக் கணக்குகள். மிட்டாய்க் காகிதத்தைப் பிரிப்பதுபோல அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பாவையும் அம்மாவையும் வரச்சொன்னார்.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலைச் சட்டையோடு, கிரீஸ் வாசனையோடு வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் கண்ணாடியைப் பார்ப்பாள். ஆலோசகரின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பேச்சு முழுவதும் அதைக் கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுக்கவேண்டும் என்று அவள் கை துடித்தது. பெரியவள் கதவோரம் ஒரு நாற்காலியில் இருந்தாள். சேர்ந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான் வந்திருந்தாள்.

"இந்த மாதிரி பிள்ளைங்கள அப்படியே விட்டா சலிச்சுப்போயிடும். கிளாஸ்ல உக்காந்து கொட்டாவி விடும். அப்புறம் படிப்புமேலயே வெறுப்பு வந்துடும்" என்றார் ஆலோசகர். "அதனால ரெண்டு வகுப்பு தாண்டி நேரா பத்தாவதுல உக்கார வெச்சுடலாம்னு நினைக்கிறோம்."

அப்பா கிரீஸ் படிந்த விரலை மேலே காட்டினார். "மேடம், எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் ஒண்ணுதான். நடுவுல எங்கயும் நிக்காம மேல போற லிஃப்ட்டும் இருக்கு. ஆனா உள்ள நிக்கறவங்களுக்குக் காது அடைக்கும்."

ஆலோசகர் சிரித்துவிட்டார். "அடைச்சா நாங்க பாத்துக்கறோம் சார்."

"பெரியவளும் பத்தாவதுதானே?" என்று அம்மா கேட்டாள்.

"அதனாலதான் அவ இருக்கற பிரிவுலயே போடறோம். அக்கா பக்கத்துல இருந்தா சின்னவ பயப்படமாட்டா."

மூன்று பேரும் திரும்பிப் பெரியவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவள் அப்போது மின்விசிறியின் நிழல் சுவரில் மெல்ல ஊர்ந்து, கதவருகில் வந்து உடைந்து, மறுபடி சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முகங்கள் சிரிக்கின்றனவே என்று பதிலுக்குச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பேச்சை முடித்தார்கள்.

கனவில் சில நேரம் வீட்டு ஆட்கள் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து நிற்பார்கள்; ரயிலுக்குள் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். நமக்கும் அது இயல்பாகவே தோன்றும். திங்கட்கிழமை காலை சின்னவள் வகுப்புக்குள் நுழைந்தபோது பெரியவளுக்கு அப்படித்தான் இருந்தது. காலையில் தான் பின்னிவிட்ட அதே சடை, தன்னிடமிருந்து இறங்கிப்போன அதே பழைய பை. அந்தப் பை மறுபடி இந்த வகுப்புக்கே வந்துவிட்டது. முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். கால் தரையைத் தொடவில்லை.

"உன் மூளையையும் அவளுக்கே கடன் குடுத்துட்டியாடி?" என்று காதில் கிசுகிசுத்தாள் பக்கத்தில் இருந்த தோழி. அவளுக்கு முன்பல் இரண்டும் பெரிது. மற்றவர்கள் கேலி செய்யும் முன் தனக்குத் தானே முயல் என்று பெயர் வைத்துக்கொண்டவள்.

"வட்டிக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் பெரியவள். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் தாங்கியது.

கணக்கு சார் நல்லவர். யாரையும் திட்டமாட்டார். ஒருநாள் பெரியவள் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினாள். சார் பலகையிலிருந்து திரும்பாமலே, "வீட்டுக்குப் போய் தங்கச்சிகிட்ட கேட்டுக்கோம்மா" என்றார். அவர் அதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. வகுப்பும் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆனால் பெரியவளின் கை இறங்கியது இறங்கியதுதான். அதன்பிறகு அந்த வகுப்பில் அது மேலே போகவில்லை. வீட்டிலும் அம்மா மதிப்பெண் கேட்பதை விட்டுவிட்டாள். ஒப்பிட்டுப் பேசிவிடுவோமோ என்று பயந்துதான் விட்டாள். கேட்காமல் விடுவதும் ஒரு ஒப்பீடுதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சின்னவளின் பாடும் சுகமாக இல்லை. கணக்கு வேளையில் மட்டும் அவள் முகம் விளக்குப் போட்டதுபோல இருக்கும். மற்ற நேரமெல்லாம் விருந்தாளிபோல ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். ஆய்வுக்கூடத்து மேசை அவள் மார்புக்கு வந்தது. சேர்ந்து செய்யும் வேலைக்குக் குழு பிரித்தால் எல்லோரும் "குட்டி, நீ எழுதிக்கோ, போதும்" என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வட்டத்தில் வந்து உட்கார்ந்தால், நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று வானிலை பற்றியதாக மாறிவிடும். பழைய வகுப்புப் பிள்ளைகளும் வராந்தாவில் அவளைப் பார்த்தால் வழிவிட்டு நின்றார்கள். அவளோடு கயிறு தாண்டியவள் ஒருத்தி "குட் மார்னிங்" என்றே சொல்லிவிட்டாளாம். சின்னவள் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிறகு காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. சனி, ஞாயிறில் வரவில்லை. பெரியவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. தங்கை வராத நாட்களில் வகுப்பு தன்னுடையதாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்க அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

பனிக்காலம் வந்தது. ஒருநாள் காலை தெருவே பனிமூட்டத்தில் கரைந்துபோயிருந்தது. பேருந்தின் கண்ணாடிக்கு வெளியே கடைகள் இல்லை, மரங்கள் இல்லை. அங்கங்கே மஞ்சளாக ஒரு வெளிச்சம் மிதந்து வந்து, நின்று, பின்னால் போயிற்று. பள்ளி நிறுத்தத்தில் பெரியவள் எழுந்தாள். சின்னவள் எழவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

"இறங்குடி."

கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. கதவு மூடியது. பெரியவள் நின்ற இடத்திலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு மறுபடி தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்கள் இறங்கிப் பனிக்குள் நடந்து மறைந்தார்கள். கடைசியில் இவர்கள் இருவர் மட்டுமே. சக்கரச் சத்தமும் தூரமாகக் கேட்டது. பெரியவளுக்கு, பேருந்து நகரவே இல்லை, பனிதான் தங்களைத் தாண்டி எங்கேயோ போகிறது என்று தோன்றியது. பேருந்து கடைசி நிறுத்தத்தில் ஒரு ஏரிக்கரையோரம் நின்றது. ஏரி தெரியவில்லை. தண்ணீரின் வாசனையும் எங்கோ ஒரு பறவையின் குரலும்தான் இருந்தன. ஓட்டுநர் அம்மா இறங்கிப்போய்க் கைகளைத் தேய்த்துக்கொண்டு கொட்டகையோரம் நின்றார்.

"கணக்கு நல்லா இருக்குக்கா" என்றாள் சின்னவள் திடீரென்று, யாரோ கேட்டதுபோல. "கணக்குக்கு மட்டும் உங்க கிளாஸ் பிடிச்சிருக்கு. மத்த நேரத்துல... எனக்குப் பதிமூணு வயசு ஆகவே விடமாட்டேங்கறாங்க. பன்னெண்டு முடிஞ்சு நேரா பதினஞ்சுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

பெரியவளுக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. "எனக்கு மட்டும்? நான் பதினஞ்சு ஆயி நாலு மாசம் ஆச்சு. ஆக விட்டியா நீ? பாத்ரூம் போனாகூட 'உன் தங்கச்சி எங்க'ங்கறாங்க. நான் ஒரு சந்தேகம் கேக்க முடியல. ஒரு ரகசியம் பேச முடியல. முயல்கூட இப்பல்லாம் எங்கிட்ட வானிலை பத்தித்தான் பேசறா!"

"நான் வந்ததும் பேச்சை மாத்தறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். "முதல்ல யாரைப் பத்திப் பேசிட்டு இருப்பீங்க?"

"உனக்கெதுக்கு அது?"

"அந்தக் கடைசி பெஞ்சு நெட்டையன்தானே?"

பெரியவள் முறைத்தாள். சின்னவளின் உதடு முதலில் துடித்தது. அப்புறம் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெறும் பேருந்தில் அந்தச் சிரிப்பு இருக்கைகளில் மோதித் திரும்பித் திரும்பி வந்தது. சிரித்து முடித்தபோது சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். சின்னவள் மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வெச்சுக்கோ தாயே" என்றாள் பெரியவள்.

ஓட்டுநர் அம்மா ஏறி வந்து தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் இவர்களைப் பார்த்தார். "திரும்பிப் போகப்போறேன். ரெண்டு பேரும் எங்க இறங்கணும்?"

"பள்ளிக்கூடம்" என்றாள் பெரியவள்.

முதல் மணி எப்போதோ அடித்திருந்தது. தங்கையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பெரியவள் நேரே ஆலோசகர் அறைக்கதவைத் தட்டினாள். அந்த அறைக்கு அவள் தானாகப் போனது அதுதான் முதல்முறை. உள்ளே போனதும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"உக்காரும்மா. தங்கச்சிக்கு ஏதாவதா?"

"இல்ல மேடம். எனக்கு" என்றாள். அந்தச் சொல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

பிறகு கொட்டிவிட்டாள். முன்பின்னாகத்தான் வந்தது: ஏரி, வயிற்றுவலி, மேசை உயரம், தூக்காத கை. ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் களைத்த, சாதாரண முகமாக இருந்தது.

"அவளால பத்தாவது கணக்குப் போட முடியுமான்னு நல்லா சோதிச்சுப் பாத்தோம்" என்றார் மெதுவாக. "அவ அங்க இருக்க முடியுமான்னு பாக்கல. உன்னைக் கேக்கவே இல்ல, இல்லையா?"

"நான் சிரிச்சேன் மேடம். நீங்க சரின்னு நினைச்சுட்டீங்க."

"நீ என்ன செய்யணும்னு நினைக்கிறே?"

பெரியவள் இதைப் பேருந்திலேயே யோசித்து வைத்திருந்தாள். "கணக்குக்கு மட்டும் அவ பத்தாவதுக்கு வரட்டும். அவளுக்கு அது வேணும். மத்தது அவ வயசுப் பிள்ளைங்களோட. அப்புறம்..." நாற்காலி நுனிக்கு வந்தாள். "பத்தாவதுன்னா எங்க பிரிவு வேண்டாம். பக்கத்துப் பிரிவுக்குப் போகட்டும்."

ஆலோசகர் தலையாட்டினார். தலைமையாசிரியர் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டார், மேலே ஏற்றிய பிள்ளையைக் கீழே இறக்கியதாக ஊர் பேசும் என்பார், பேசிப் பார்க்கிறேன் என்றார். அவள் எழுந்தபோது, "நீ சொல்லு, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

பெரியவள் கதவுப் பிடியைத் திருகினாள். "தெரியல மேடம்."

"சரி. அவசரமில்ல. தெரிஞ்சா வந்து சொல்லு."

தலைமையாசிரியரைச் சம்மதிக்கவைக்க மாதக் கடைசி ஆகிவிட்டது. அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, "லிஃப்ட் கீழயும் போகும் சார், அதுக்காகத்தான் அதைக் கட்டறதே" என்று சொன்னது உதவியதா கெடுத்ததா என்று தெரியவில்லை. எப்படியோ முடிந்தது. கணக்குக்கு மட்டும் சின்னவள் படியேறிப் பக்கத்துப் பிரிவுக்கு வருவாள், முடிந்ததும் இறங்கிவிடுவாள். கணக்கில் ஓடும் பிள்ளைகள் வேறு வகுப்புகளிலும் இரண்டு மூன்று பேர் இருப்பது தெரியவந்தது. வியாழன் மதியம் அவர்களையெல்லாம் நூலக மூலையில் உட்காரவைத்துக் கணக்கு சார் விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்தார்.

பக்கத்துப் பிரிவு என்பது யாருடைய யோசனை என்று சின்னவள் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். அவளிடம் எதை மறைக்க முடியும்? மாலைப் பேருந்தில் கேட்டாள்.

"நான் உன் கிளாஸ்ல வேண்டாம்னு நீதான் சொன்னியா?"

பெரியவள் பொய் சொல்ல வாயெடுத்தாள். "ஆமா" என்றாள்.

சின்னவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டிலும் இரண்டு நாள் 'உம்' கொட்டுவதோடு சரி. சடை பின்ன அம்மாவிடம் போனாள். அம்மா கோணலாகப் பின்னிவிட்டாள். அந்தக் கோணல் சடையோடு அவள் நடந்துபோவதைப் பார்த்துப் பெரியவள் சீப்பைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சின்னவள் சீப்போடு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நானா இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "ஆனா கோவம் வந்துச்சு."

"எனக்கும் வந்திருக்கும்."

"வலிக்காம பின்னு."

பெரியவள் சிக்கெடுக்கத் தொடங்கினாள். ஈரமான முடி கைக்குக் கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்ற ஆலோசகரின் கேள்வி சில நாட்களாகப் போய்வந்துகொண்டிருந்தது; இப்போது மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை, பதிலும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா நேரமாகிவிட்டது என்று கத்தினாள். முதல் தடவையிலேயே "தோ வரோம்" என்று இவள் குரல் கொடுத்தாள்.