யார் சொன்னது என்ற கட்டம்

அக்காவின் கணவர் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். "வீட்டுல மாமா, ஆபீஸ்ல சார். குழப்பிக்காத." நான் ஒருநாளும் குழப்பிக்கொள்ளவில்லை. அவர்தான் தனக்கு வசதிப்பட்டபோதெல்லாம் இரண்டையும் கலந்துகொண்டார்.

எங்களுடையது ஒரு ஸ்கேன் சென்டர். அவர் மேனேஜர். சர்வரிலிருந்து பிரிண்டர் வரை எல்லாம் என் தலையில். சர்வர் அறை என்று பெயரே தவிர, அது முன்பு துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த அறை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருப்பேன். கதவின் உள்பக்கம் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். சர்வரில் எதைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும் என்பது நான் கொண்டுவந்த பழக்கம். தேதி, என்ன வேலை, யார் செய்தது, யார் சொன்னது, பழையபடி ஆக்கும் வழி என்று ஐந்து கட்டங்கள். கடைசி நாள் வரை, அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் காலியாக விட்டேன். என்னைக் கவிழ்க்க அது ஒன்றே போதும்.

படங்கள் பெருகி டிஸ்க் நிறைந்துபோனதால் புதிய டிஸ்க் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், யாரோ ஒரு விற்பனையாளரின் பேச்சில் மயங்கி, சந்தைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மாடலை வாங்கிவிட்டார். அதோடு ஒரு கார்டும் வந்தது. சர்வரில் செருகிப் பார்த்தேன். சர்வர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"சார், இந்தக் கார்டை நம்ம கெர்னலுக்குத் தெரியாது" என்றேன்.

"கெர்னல்னா?"

"ஆபரேட்டிங் சிஸ்டத்தோட அடிப்பகுதி. எந்தச் சாதனத்துகிட்ட எப்படிப் பேசணும்னு அதுக்குத்தான் தெரியும். நம்மகிட்ட இருக்கிறது பழசு."

"அப்ப புதுசு போட வேண்டியதுதானே?"

"நம்ம சிஸ்டத்தை வெளியிடறவங்க புதுசு இன்னும் கொடுக்கல. வெளியில ஒரு ரெப்போ இருக்கு, சாஃப்ட்வேர் கிடங்கு மாதிரி. தன்னார்வலர்கள் நடத்தறது. அங்க புது கெர்னல் கிடைக்கும், நல்லாவே வேலை செய்யும். ஆனா தினமும் நம்ம படங்களை நகலெடுத்து வைக்கற பேக்கப் கம்பெனிக்காரன் அதை ஒத்துக்க மாட்டான். அவன் சாஃப்ட்வேர் நம்ம கெர்னலோட ஒட்டிக்கிட்டு ஓடறது. வேற கெர்னல்னா பேக்கப் நின்னுடும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற மாடல் வாங்கலாம் சார்."

திருப்பிக் கொடுத்தால், என்னைக் கேட்காமல் வாங்கியது உரிமையாளர் வரை தெரிந்துவிடும். அவர் முகத்தில் அது ஓடியதைப் பார்த்தேன். உடனே குரல் குழைந்தது. "மாமா சொல்றேன்ல. போடு."

"நோட்டுல நீங்க சொன்னதா எழுதிக்கறேன்."

"அந்தக் கட்டத்தை மட்டும் விடும்மா. நமக்குள்ள என்ன? வீட்டுல பேசிக்கலாம்."

அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சென்டரில் யாரும் இல்லாதபோது வேலையை ஆரம்பித்தேன். ரெப்போவின் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியை இறக்கி, அது அவர்களுடையதுதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ரெப்போவைச் சேர்த்தேன், ஆனால் எப்போதும் திறந்திருக்கும்படி விடவில்லை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் திறந்து, கெர்னலை எடுத்துக்கொண்டு மூடிவிட்டேன். பழைய கெர்னலை அழிக்கவில்லை. ஏதாவது ஆனால் தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். பிறகு ரீபூட். திரை கறுத்து, இரண்டு நிமிடம் எதுவும் வரவில்லை. அப்புறம் வரிசையாக எழுத்துகள் ஓடின, புதிய கார்டின் பெயர் வந்தது, பன்னிரண்டு டிஸ்க்குகளும் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. வாளிக்குப் பக்கத்தில் நின்று தனியாகக் கைதட்டினேன். அந்த வேலையில் நான் மனசாரச் சந்தோஷப்பட்ட கடைசி நாள் அதுதான்.

நான் சொன்னபடியே பேக்கப் நின்றது. பேக்கப் கம்பெனியைக் கூப்பிடலாம் என்றேன். "கூப்பிட்டா என்ன கெர்னல்னு கேப்பான். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெளி டிஸ்க்கைச் செருகினாலே அன்றைய படங்கள் தானாக நகலாகும்படி ஏற்பாடு செய்தேன். தினமும் சாயங்காலம் செருகுவேன், பச்சை விளக்கு நின்றதும் எடுத்து அலமாரியில் பூட்டுவேன். பதினோரு நாள் ஒரு நாள் தவறாமல் செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில், அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்று மாமா சொன்னார்: "மூணு நாள் லீவு எடுத்துக்கோ. அக்காவைப் பாத்துக்கோ. டிஸ்க்கை நான் செருகிடறேன். அதுல என்ன பெரிய வித்தை?"

அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். அக்கா சிரித்தாள். "இவர் கிட்டயா கொடுக்கற? கேஸ் அடுப்பை அணைக்கவே மறக்கற ஆளு. கையில எழுதி விடுடி."

உண்மையிலேயே பேனா எடுத்து அவர் உள்ளங்கையில் 'டிஸ்க்' என்று எழுதினேன். மூன்று பேரும் சிரித்தோம்.

மருத்துவமனையிலிருந்து இரண்டு சாயங்காலமும் போன் செய்தேன். இரண்டு தடவையும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார். லேப்டாப் என் பையில்தான் இருந்தது. திறந்து சர்வருக்குள் போய்ப் பார்த்திருந்தால், நகல் ஆனதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. என் தப்பு என்று ஒன்று இதில் உண்டென்றால் அது இதுதான். அவரை நம்பித் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒன்று போனால் அந்தப் பெட்டி தாங்கும், இரண்டு போனால் கையை விரித்துவிடும். ஓடிவந்து அலமாரியைத் திறந்தேன். வெளி டிஸ்க் நான் வைத்த இடத்தில், வைத்த கோணத்தில், அசையாமல் இருந்தது. மூன்று நாள் படங்கள் போயின. எண்பத்து மூன்று பேரை மறுபடி அழைத்து ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. அவர்களில் இரண்டு பேருக்கு மறுநாள் ஆபரேஷன் குறித்திருந்தது.

சென்டரின் உரிமையாளர் பெரிய டாக்டர். அதிகம் பேசாதவர். வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார். அவர் ஒரே ஒரு கட்டளையைத் தட்டி கெர்னலின் பெயரைப் படித்தார். அந்தப் பெயரின் வாலிலேயே எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்பதும் இருக்கும். "இது வெளியிலேர்ந்து வந்தது. அதான் பேக்கப் ஓடல" என்றார். அடுத்து நோட்டைப் புரட்டினார்கள்.

"யார் செஞ்சது, உங்க பேரு. யார் சொன்னது, காலி. அப்ப நீங்களா எடுத்த முடிவா?" என்றார் டாக்டர்.

"மேனேஜர் சார் சொன்னார். டிஸ்க் செருகறேன்னு சொன்னதும் அவர்தான்."

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "இந்த மேடம் என்னென்னவோ டெக்னிக்கலா செய்வாங்க டாக்டர். எனக்கு அதெல்லாம் புரியாது. என்கிட்ட டிஸ்க் எதையும் கொடுக்கல."

மாமாவும் இல்லை, சாரும் இல்லை. இப்போது நான் அவருக்கு 'இந்த மேடம்'. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்க அக்கா கேட்டுட்டுதான் இருந்தா. கேளுங்க" என்று, என் போனிலேயே அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, டாக்டரின் மேஜை மேல் வைத்தேன். அக்கா எடுத்தாள். டாக்டரும் மாமாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அன்று கட்டில் பக்கத்தில் நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

மாமா மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைகளை மூடி வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி" என்றாள் அக்கா. "மருந்து மயக்கத்துல இருந்தேன்."

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஏது மருந்து, ஏது மயக்கம்? வாய்வரை வந்தது. ஆனால் அவள் குரல் கடைசியில் உடைந்தது. அவள் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், இன்னும் தையல்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கொஞ்சமும் குறைவாக வலிக்கவில்லை. போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சர்வர்ல உங்க அக்கௌன்ட்டை நீக்கிட்டு, சாவியெல்லாம் ஒப்படைச்சுட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

சர்வர் அறையில் இன்ஜினியர் எனக்காகக் காத்திருந்தார். பழைய கெர்னல் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். அழிக்காமல் வைத்ததற்கு நன்றி சொன்னார், நல்ல மனிதர். வாளி நிரம்பியிருந்தது, கொட்டிவிட்டு வந்து வைத்தேன். பிறகு உட்கார்ந்து சர்வரிலிருந்து என் பெயரை நானே நீக்கினேன். ஆறு வருஷத்தை அழிக்க ஒரு வரிக் கட்டளைதான் தேவைப்பட்டது.

நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன். என்ன வேலை: என் அக்கௌன்ட்டை நீக்கியது. யார் செய்தது: நான். யார் சொன்னது என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினேன்.

பழையபடி ஆக்கும் வழி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, நோட்டை ஆணியில் மாட்டினேன்.